பாரம்பரிய வில்: ஃபார்ம் (நிற்கும், இழுக்கும், விடும் முறை) கற்றது எப்படி, உங்கள் பாணி வந்தது எப்படி? அனுபவம் சொல்லுங்கள்

கேட்டவர் (பெங்களூரு)

வணக்கம். குறி பார்க்க உதவும் சைட், ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசர், இழுப்பு முடிந்ததைச் சொல்லும் கிளிக்கர் எதுவும் இல்லாத மர ரிகர்வ் (முனை வெளிப்பக்கம் வளைந்த) வில்லில் பழகுகிறேன். நாணைக் கன்னத்தெலும்பு வரை கொண்டுவா என்கிறார் ஒருவர். வாயோரம் போதும் என்கிறார் இன்னொருவர். யூடியூபில் ஆளுக்கொரு வேதம். ஒரு முறையை ஒழுங்காகப் படித்துவிட்டு அப்புறம் நமக்கென்று ஒரு பாணியா? இல்லை, முதலிலிருந்தே உடம்பு போகிற வழியில் போகலாமா? உங்களுக்கு எப்படி நடந்தது என்று சொல்லுங்கள்.

சியோலிலிருந்து

தம்பி, நான் இங்கே வேலைக்கு வந்த இடத்தில் கற்றது கொரிய வில். கட்டைவிரலில் கொம்பு மோதிரம் மாட்டி இழுப்பது. உங்கள் வில்லோடு பாதி விஷயம் ஒத்துப்போகாது. ஆனால் நீங்கள் கேட்டது எங்கள் மைதானத்தில் தினமும் நடக்கிற வழக்கு.

சியோலில் சாஜிக்-தொங் மலைச்சரிவில் ஹ்வாங்ஹக்ஜொங் என்று பழைய வில் மைதானம் ஒன்று உண்டு. கோஜொங் மன்னர் 1898-ல் அரண்மனை வளாகத்தில் கட்டச் சொன்ன மண்டபம் அது, 1922-ல் இப்போதிருக்கும் இடத்துக்குப் பெயர்த்து வந்தார்கள். நான் பழகுவது வேறொரு சின்ன மைதானம். அளவு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: இலக்கு 145 மீட்டர் தள்ளி. பலகை 2 மீட்டர் அகலம், 2.67 மீட்டர் உயரம், பின்னால் 15 டிகிரி சாய்ந்து நிற்கும். எங்கே பட்டாலும் பட்டதுதான், நடுவுக்குத் தனி மதிப்பு இல்லை. அம்பு மேலே ஏறி இறங்க இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஐந்து அம்பு. முதல் தடவை ஐந்தும் பட்டுவிட்டால் அன்று முதல் உங்களை 'ஜொப்ஜாங்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

அம்பு விடும் கோட்டில் நிற்கவே பல வாரம் ஆகும். ஆசிரியரை சாபொம் என்பார்கள். முதலில் வெறும் வில்லை இழுத்து, நிறுத்தி, மெதுவாகத் திரும்ப விடச் சொன்னார். அம்பில்லாமல் நாணைப் படக்கென்று விட்டால் வில் உடைந்துவிடும், அதனால் திரும்ப விடுவதும் ஒரு பாடம். அப்புறம் கயிற்றில் கட்டிய அம்பு. விட்டால் கொஞ்ச தூரம் போய்த் தொங்கும், எங்கே போயிருக்கும் என்றே தெரியாது. அதுதான் அதன் அருமை. இலக்கு இல்லாததால் கவனம் முழுக்கக் கையிலும் தோளிலும் இருக்கும். பாதத்தை நேராகவும் வைக்காமல் முழுக்கப் பக்கவாட்டிலும் வைக்காமல், உடம்பு ஏறக்குறைய இலக்கைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வில் பிடிக்கும் கையைத் துவைத்த துணி பிழிவது மாதிரி முறுக்கு என்பார்கள். எனக்கு இந்த ஒரு வரிதான் உடனே புரிந்தது.

இனி சண்டைக்கு வருகிறேன். நாணை விட்டதும் பின்கை என்ன செய்ய வேண்டும்? ஒரு கட்சி, கை பின்னால் முழுக்க விரிந்து போகட்டும் என்கிறது. பழைய புகைப்படங்களில் பெரியவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். இதை ஒன்கக்ஜி என்பார்கள். இன்னொரு கட்சி, கை தோளருகே நின்றுவிட வேண்டும் என்கிறது. அது பன்கக்ஜி, இன்று மைதானங்களில் அதிகம் பார்ப்பது அதுதான். முன்கை மலையைத் தள்ள வேண்டும், பின்கை புலிவாலைப் பிடித்திருக்க வேண்டும் என்று ஒரு பழைய வாக்கு உண்டு. இரண்டு கட்சியும் அதையே மேற்கோள் காட்டும்! (புலிவாலைப் பிடித்தவன் கதை நமக்குத் தெரியாததா?) கோட்டில் நிற்கும்போது பேசக்கூடாது என்பது விதி. அதனால் எல்லா அறிவுரையும் அப்புறம் காப்பிக் கோப்பையோடு வரும், நாலு பேர் நாலு விதமாக.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது பன்கக்ஜி. கை நீளம் என்பதால் என் இழுப்பு காதைத் தாண்டிப் போகும். அங்கிருந்து கையை நிறுத்தப் பார்த்தால் கடைசி நொடியில் தோள் முன்னுக்கு வரும், அம்பு இடமும் வலமுமாகச் சிதறும். கயிற்று அம்பில் திரும்பப் பழகியபோது, யாரும் சொல்லாமலே கை பாதி விரிந்து நின்றது. ஒன்கக்ஜியும் இல்லை, பன்கக்ஜியும் இல்லை. சாபொம் கொஞ்ச நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். சிதறல் குறைந்ததும் "இதை இனித் தொடாதே" என்றார். நான் தேடிப் போனதல்ல அது, கை நீளத்துக்கு வந்து சேர்ந்தது. முறையைப் படிக்காமல் இருந்திருந்தால் இது பாணியா குறையா என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

லண்டனிலிருந்து

தம்பி, நான் இங்க லாங்போ எண்ட நீள வில் அடிக்கிறன். காட்டுக்குள்ள நடந்து நடந்து, பொம்மை மானுக்கும் பன்றிக்கும் அடிக்கிற ஃபீல்ட் ஆர்ச்சரி. தூரம் எவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். மர அம்பு, இறகு, வில்லில அம்பு வைக்கத் தட்டுக்கூட இல்லை, கைக்கு மேலதான் அம்பு இருக்கும். முதல் மாசங்களில இறகு கையைக் கிழிச்சுப்போடும்.

சியோல் அண்ணா சொன்னது சரி. ஆனா ஒண்டு சேர்க்க வேணும். 'என்ர பாணி' எண்டு கனபேர் சொல்லுறது பாணியே இல்லை. நாண் முகத்துக்கு வர முந்தியே விரல் விட்டிடும். கேட்டால், நான் வேகமா அடிக்கிற ஆள், உள்ளுணர்வு எண்டு சொல்லுவினம். அது டார்கெட் பேனிக். இலக்கைக் கண்ட உடன கை தன்ர பாட்டில விடுறது.

கண்டுபிடிக்கிறது லேசு. மானுக்குக் குறி வைச்சு முழுக்க இழுங்கோ, மூண்டு நொடி பிடியுங்கோ, அடிக்காமல் இறக்குங்கோ. ஏலுமெண்டால் நீங்க வேகமா அடிக்கிறதும் பாணிதான், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. ஏலாட்டி வைக்கோல் பலகைக்குக் கிட்டப் போய்க் கண்ணை மூடி அடியுங்கோ, இலக்குத் தாள் வேண்டாம். எங்கட கிளப்பில ஒரு வயசான மனுசி இப்பவும் பயிற்சியில பாதியை அடிக்காமல் இறக்குறதுக்கே செலவழிப்பா. வில்லைச் சரிச்சுப் பிடிக்கிறவ, முழங்கையை மடக்கி வைச்சிருப்பா. எந்தக் கோச் பார்த்தாலும் திருத்த வேணும் போல இருக்கும். போட்டியில அவவோட நிக்க எனக்குப் பயம்.

கன்னத்தெலும்போ வாயோரமோ எண்டு கேட்டிருந்தீங்கள். நாண் மேல வந்தால் அம்பு கண்ணுக்குக் கிட்ட வரும், கிட்டத்துக் குறிக்குச் சுகம். வாயோரம் எண்டால் தூரத்துக்குச் சுகம். உங்கட மைதானம் எவ்வளவு தூரம் எண்டு பார்த்து ஒண்டை எடுங்கோ. ரெண்டையும் மாத்தி மாத்தி வைக்காதீங்கோ.

நகோயாவிலிருந்து

நான் பழகும் ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் இந்தப் பேச்சை எடுத்தால் ஆசிரியர் சிரிப்பார். காலை வைப்பதிலிருந்து அம்பு போன பின் அப்படியே நிற்பது வரை எட்டுக் கட்டம், அதில் தெரிவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வில்லை நேர் முன்னால் உயர்த்துவதா, இடப்பக்கம் சாய்த்து உயர்த்துவதா என்பதுகூட நீங்கள் எந்த மரபில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இலக்கு 28 மீட்டரில், 36 செ.மீ. வட்டம். அதற்கு முன் ரப்பர் வில், பிறகு இரண்டு மீட்டர் தள்ளி வைக்கோல் உருளை.

இத்தனைக்கும், மூத்தவர்கள் வரிசையாக நிற்கையில் முகத்தை மறைத்துவிட்டாலும் யார் யாரென்று சொல்லிவிடலாம். அதை அவர்கள் யாரும் பாணி என்று சொல்லிக்கொள்வதில்லை.

கேட்டவர் (பெங்களூரு)

லண்டன் அக்கா சொன்னதை இன்று காலை செய்து பார்த்தேன். மூன்று நொடி பிடிக்க முடியவில்லை, கை நடுங்குகிறது. என் வில்லை இழுக்கும் பளு 45 பவுண்டு. பேனிக்கா?

சியோலிலிருந்து

பேனிக் இல்லை தம்பி, பவுண்டு. கை விட்டுவிட்டால்தான் பேனிக், உங்களுக்கு நடுங்குகிறது. 30-க்குக் கீழே ஒரு வில் கடன் வாங்குங்கள். பின்னாலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி, முழங்கை அம்புக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோவை இங்கே போடுங்கள், அக்காவும் பார்க்கட்டும்.