சி.ஏ. முடித்தவர் கனடாவில் கிளார்க் வேலை எடுக்கலாமா, கூடாதா?

பேரேடு:
கனடாவுக்கு வரும் கணக்காளர்களுக்கு வழிகாட்டி என்று ஒருவர் நேற்று நீளமாக எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: "சி.ஏ. முடித்தவர் வந்ததும் பேயபிள்ஸ் கிளார்க் (சப்ளையர் பில்களைப் பதிந்து பணம் கட்டுபவர்) வேலையை எடுத்தால் அந்த முத்திரை ஆயுசுக்கும் போகாது, கனடாவின் கணக்காளர் பட்டமான சி.பி.ஏ. கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்." படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சி.பி.ஏ. என்ன, இறங்கியதும் கையில் கொடுத்து அனுப்புகிற பட்டமா? கோர் 1, கோர் 2, இரண்டு எலெக்டிவ், இரண்டு கேப்ஸ்டோன் என்று ஆறு பாடத்தொகுதி, கடைசியில் மூன்று நாள் சி.எஃப்.இ. தேர்வு. இந்திய சி.ஏ.வுக்கு இதில் சில படிகள் குறையலாம், சரி. ஆனால் 30 மாத வேலை அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே, வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது எங்கிருந்து வரும்? கிடைத்த கிளார்க் வேலையை எடுங்கள், உள்ளே போங்கள், அப்புறம் மேலே ஏறுங்கள்.

ஐந்தொகை:
அந்த வரியை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 30 மாதம் என்று நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. இன்வாய்ஸ் ஏற்றுகிற வேலையை அந்த 30 மாதத்தில் யார் சேர்ப்பார்கள்? நிதி அறிக்கை, மேலாண்மைக் கணக்கு, தணிக்கை, வரி என்று எந்தத் துறையில் எவ்வளவு ஆழமாக வேலை செய்தீர்கள் என்று உதாரணத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். "பர்ச்சேஸ் ஆர்டரோடு இன்வாய்ஸை ஒப்பிட்டேன்" என்று எழுதினால் தேறுமா? உங்கள் வாதத்தை நீங்களே உடைத்துவிட்டு என்மேல் எரிச்சல் படுகிறீர்கள்.

பேரேடு:
இன்வாய்ஸ் ஏற்றுவது என்று இளக்காரமாகச் சொல்கிறீர்களே, அதே இன்வாய்ஸில்தான் ஒருவன் இந்த ஊர் வரியையே கற்றுக்கொள்கிறான். ஒன்டாரியோவில் மத்திய, மாகாண வரி இரண்டும் சேர்ந்த எச்.எஸ்.டி. 13 சதவீதம், ஆல்பர்ட்டாவில் மத்திய ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டும். சப்ளையர் ஒரு மாகாணம், சரக்கு போய்ச் சேர்வது இன்னொரு மாகாணம் என்றால் எந்த வரியைப் போட வேண்டும்? வாடிக்கையாளரைச் சாப்பிடக் கூட்டிப்போன பில்லில் வரியைப் பாதிதான் திரும்ப எடுக்கலாம் என்பது எங்கே தெரியவரும்? பேயபிள்ஸ் மேசையில்தான். பிப்ரவரி கடைசிக்குள் டி4 என்ற வருடச் சம்பளச் சான்றைக் கொடுத்தாக வேண்டும் என்று சம்பளப் பிரிவு அலறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கும் பாடத்தில் படித்தவனுக்கும் வித்தியாசம் உண்டு. கிளார்க் வேலையை எடுங்கள் என்றுதான் மறுபடியும் சொல்வேன்.

புதுவரவு:
வணக்கம் அண்ணன்மாரே. எனக்கு டபிள்யூ.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஈ.சி.ஏ., அதாவது வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அறிக்கை வந்துவிட்டது. அப்படியென்றால் என் சி.ஏ.வை அங்கே ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? சி.பி.ஏ. என்று போட்டுக்கொள்ளலாமா?

துலாக்கோல்:
கூடவே கூடாது தம்பி. ஈ.சி.ஏ. குடியேற்றப் புள்ளிக்காக வாங்குவது, 5 வருஷம் செல்லும், அவ்வளவுதான். சி.பி.ஏ. என்கிற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது. அதைத் தருவது மாகாண அமைப்பு, அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எந்த மாகாணத்தில் குடியேறப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்டாரியோவும் கியூபெக்கும் 2024 கடைசியில் சி.பி.ஏ. கனடாவை விட்டே விலகிவிட்டன. பயிற்சித் திட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது, அதனால் பழைய பதிவுகளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பேரேடு:
மாகாணம் எதுவானால் என்ன? எல்லா மாகாணத்திலும் கிளார்க் வேலை இருக்கிறது.

ஐந்தொகை:
கிளார்க், கிளார்க், கிளார்க்! சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். கனடாவின் தொழில் பட்டியலான என்.ஓ.சி.யில் பேயபிள்ஸ் கிளார்க் 14200, அதாவது டி.ஈ.ஈ.ஆர். என்ற தகுதிநிலையில் 4 (எண் கூடினால் நிலை குறைவு). கணக்காளர் 11100, டி.ஈ.ஈ.ஆர். 1. படிக்க வந்து வேலை அனுமதியில் இருப்பவர், கனடிய அனுபவப் பிரிவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கேட்க வேண்டுமென்றால் டி.ஈ.ஈ.ஆர். 3 வரைதான் செல்லும். உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் 14200-இல் ஒரு வருஷத்தைக் கழித்தால் அந்த வருஷம் பி.ஆர்.க்கும் உதவாது, சி.பி.ஏ.வுக்கும் உதவாது. அவருக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்?

பேரேடு:
நான் பி.ஆர். வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

ஐந்தொகை:
அதை முதல் பதிவில் எங்கே எழுதினீர்கள்? காட்டுங்கள்.

பேரேடு:
படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். போன வருஷம் அனுபவக் கடிதம் பற்றிய இழையிலும் இப்படித்தான் ஒரு வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள். "பழைய கம்பெனியிலிருந்து வேலை விவரத்தோடு கடிதம் வாங்காமல் கிளம்பாதீர்கள்" என்று நான் சொன்னேன், "பதவிப் பெயர் போதும்" என்றீர்கள். அதை நம்பி எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்களோ.

ஐந்தொகை:
பதவிப் பெயர் போதும் என்று நான் சொல்லவே இல்லை. அந்த இழை இன்னும் அப்படியே இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

கூட்டல்கழித்தல்:
இத்தனை சண்டை எதற்கு? அமெரிக்க சி.பி.ஏ. தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். அதை முடித்துவிட்டு வந்தால் யாரும் கிளார்க் வேலை கொடுக்க மாட்டார்கள்.

பேரேடு:
தலைப்பில் கனடா என்று இருப்பது கண்ணில் படவில்லையா? எல்லா இழையிலும் அமெரிக்க சி.பி.ஏ.வைக் கொண்டுவந்து நுழைப்பதே உங்களுக்கு வேலையாகப் போய்விட்டது. கோச்சிங் சென்டர் ஏதாவது நடத்துகிறீர்களா?

கூட்டல்கழித்தல்:
நடத்தினால் உங்களைத்தான் முதலில் சேர்ப்பேன்.

துலாக்கோல்:
இன்னொன்றும் பேசுங்கள். 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. அப்படியிருக்க, உள்ளூர் அனுபவத்துக்காகவே கிளார்க் வேலை எடுக்க வேண்டும் என்ற வாதம் முன்பு போல வலுவாக இல்லையே.

பேரேடு:
விளம்பரத்தில் எழுதக் கூடாது என்றுதான் சட்டம். நேர்முகத்தில் "ஏ.எஸ்.பி.ஈ.யில் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்பார்களே, அதைச் சட்டம் தடுக்குமா? இங்குள்ள தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் ஏ.எஸ்.பி.ஈ. என்ற கணக்கு விதிமுறைதான், நீங்கள் படித்துவிட்டு வருவது இந்திய விதிமுறையான இண்ட் ஏ.எஸ். வாய் திறக்க ஏதாவது வேண்டாமா? அதற்குத்தான் சொல்கிறேன், கிளார்க் வேலை.

ஐந்தொகை:
பேயபிள்ஸ் கிளார்க்கிடம் ஏ.எஸ்.பி.ஈ. குறிப்புகளை யார் எழுதக் கொடுக்கிறார்கள்? ஆறு மாதம் பொறுத்து ஸ்டாஃப் அக்கவுன்டன்ட் வேலைக்கு முயற்சி செய்தால் மாதக் கடைசி கணக்கு முடிப்பு, வங்கிச் சரிபார்ப்பு, அக்ரூவல் (பில் வராத செலவையும் கணக்கில் எடுப்பது) எல்லாம் கைக்கு வரும், 30 மாதத்திலும் சேரும்.

பேரேடு:
ஆறு மாதம் பொறுக்க வீட்டு வாடகையை யார் கட்டுவது, நீங்களா?

புதுவரவு:
அண்ணே, எனக்கு ஒரு பேயபிள்ஸ் வேலை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எடுக்கவா, வேண்டாமா?

பேரேடு:
எடுங்கள்.

ஐந்தொகை:
எடுக்காதீர்கள். பி.ஆர். இருக்கிறதா இல்லையா என்றுகூடக் கேட்காமல் "எடுங்கள்" என்கிறார் பாருங்கள்.

பேரேடு:
நீங்கள் மட்டும் கேட்டுவிட்டா "எடுக்காதீர்கள்" என்றீர்கள்?