கணக்கு உங்களை எங்கே மடக்கிப் பிடித்தது? டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த், கணக்கு ஆசிரியை:

தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊர் மினிபஸ் டாக்சி பலவற்றில் நடத்துநர் என்று யாரும் கிடையாது. பின்வரிசைக் காசு தோள் தோளாகக் கைமாறி முன்னால் வரும். ஓட்டுநர் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அந்தப் பயணத்துக்குக் கணக்குப்பிள்ளை அவர்தான். எண்ணி வாங்கி, மீதியைப் பிரித்து, எந்த வரிசைக்கு எவ்வளவு என்று திருப்பி அனுப்ப வேண்டும். இதற்குப் பயந்தே சிலர் நெரிசலானாலும் பரவாயில்லை என்று பின்னால் போய்விடுவார்கள்.

போன வாரம் அந்த இருக்கையில் என் பழைய மாணவி. "எனக்குக் கணக்கு சுத்தமா வராது மிஸ்" என்று வருஷம் முழுக்கச் சொன்ன பெண். தலைக்கு 17 ராண்ட். பின்னாலிருந்து நான்கு பேருக்கு ஒரு நூறு ராண்ட் தாள் வந்தது. நடுவரிசை மூன்று பேருக்கு ஓர் ஐம்பதும் ஒரு பத்தும். அவள் உதடு மட்டும் அசைந்தது: "நாலு இருபது எண்பது, நாலு மூணு பன்னிரண்டு போனா அறுபத்தெட்டு. பின்னால முப்பத்திரண்டு, நடுவுல ஒன்பது." ஓட்டுநரிடம் சின்னத் தாள் இல்லை. தன் கட்டணத்துக்காக வைத்திருந்த இருபதையும், நடுவரிசை அனுப்பிய பத்தையும், ஒரு இரண்டு ராண்ட் நாணயத்தையும் சேர்த்துப் பின்னால் தள்ளினாள். வண்டி அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

17-ஐ 20 கழித்தல் 3 என்று பிரித்துப் பெருக்குவதற்குப் பங்கீட்டு விதி என்று பெயர் வைத்து, நான் பலகையில் பல நாள் எழுதியதுதான் இது. அவளிடம் அதைச் சொன்னேன். "அது கணக்கா மிஸ்? சில்லறைதானே!" என்றாள்.

இந்த மாதிரி உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். சினிமா, விளையாட்டு, அடுப்படி எதுவானாலும் சரி. சிரிக்க வைத்தால் ரொம்ப சந்தோஷம். எண்கள் மட்டும் சரியாக இருக்கட்டும்.

பீனிக்ஸிலிருந்து:

அக்கா, சினிமாவில் ஆரம்பிக்கிறேன். கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்து அவலோன், ஷாஜஹான் கொட்டகைகளில் விசில் அடித்து வளர்ந்தவர் என் அப்பா. இப்போது எங்கள் வீட்டு சோஃபாவில் பேத்தியோடு உட்கார்ந்து பார்க்கிறார். பேத்தி பதினொன்றாம் வகுப்பு, இயற்பியல் பைத்தியம். சண்டைக் காட்சி வந்தால் ரிமோட்டை அவளிடமிருந்து யாரும் வாங்க முடியாது.

ஹீரோ ஒரு குத்து விட்டார். அடியாள் இருபது மீட்டர் பறந்து காய்கறி வண்டி மேல் விழுந்தான். (எந்தப் படம் என்று கேட்காதீர்கள், அந்த வண்டி எல்லாப் படத்திலும் நிற்கிறது.) மகள் படத்தை நிறுத்தினாள். "தாத்தா, இவன் ரெண்டு விநாடி காத்துல இருந்தான்னு வைங்க. ஒரு விநாடி ஏறணும், ஒரு விநாடி இறங்கணும். அப்போ அஞ்சு மீட்டர் உயரம், மாடி வீட்டுக் கூரை. குறுக்கே விநாடிக்குப் பத்து மீட்டர் வேகம். ஆள் எண்பது கிலோ, வேகத்தால பெருக்கினா உந்தம் எண்ணூறு. அதே எண்ணூறு ஹீரோவையும் பின்னால தள்ளும். அவர் எழுபது கிலோன்னா விநாடிக்குப் பதினொண்ணரை மீட்டர்கிட்ட பின்னால போகணும்."

2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினாரே, அதன் சராசரியே விநாடிக்கு 10.4 மீட்டர்தான். அதாவது தரையைக் காலால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால், குத்திய மறுகணம் நம்ம ஹீரோ போல்ட்டின் அந்தச் சராசரியை மிஞ்சிய வேகத்தில் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

அப்பா திரையைக் காட்டினார். "நகரவே இல்ல பாரும்மா. அதனாலதான் அவர் ஹீரோ."

அவள் விடவில்லை. அடியாள் உண்மையில் படத்தில் எவ்வளவு நேரம் பறக்கிறான் என்று கைபேசியில் அளந்தாள். பத்து விநாடி! ஐந்து விநாடி ஏறினால் 125 மீட்டர். நம்ம மோசஸ் மபிடா மைதானத்து வளைவு 106 மீட்டர். வளைவுக்கு மேலே ஏறி, மேலே நிற்கும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கையும் ஆட்டிவிட்டு இறங்கலாம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கணக்கை ஒத்துக்கொண்டார், ஹீரோவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது சண்டை வந்தாலே "அளந்து சொல்லும்மா" என்று அவரே கேட்கிறார்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து:

என் கணக்கு கொஞ்சம் வலிக்கும். 2003 மார்ச் 3, டர்பன் கிங்ஸ்மீட் மைதானம், கிரிக்கெட் உலகக் கோப்பை. மாமாவோடு அரங்கில் இருந்தேன். இலங்கை 268. நாங்கள், அதாவது தென்னாப்பிரிக்கா, துரத்திக்கொண்டிருந்தபோது மழை. எந்த நேரத்திலும் ஆட்டம் நின்றுவிடும், நின்றால் டக்வொர்த்–லூயிஸ் முறைதான் தீர்ப்பு சொல்லும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த முறையே எங்கள் நாட்டு அழுகையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1992-இல் சிட்னியில் அரையிறுதி. 13 பந்தில் 22 ரன் தேவை என்றிருந்தது. மழை வந்து நின்றதும் ஒரே பந்தில் 21 என்று ஆகிவிட்டது. பலகையில் 22 என்றே போட்டிருந்தார்கள். ஒரு பந்தில் அதிகபட்சம் ஆறு என்பது குழந்தைக்கும் தெரியும். ஓவர் போனால் ரன்னை எப்படிக் குறைப்பது என்று அன்றைக்கு இருந்த விதிக்குத் தெரியவில்லை. ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அதைச் சரிசெய்தார்கள். மீதமுள்ள ஓவரும் மீதமுள்ள விக்கெட்டும் சேர்ந்துதான் ஓர் அணியின் கையிருப்பு. மழை அதில் எத்தனை சதவீதத்தைத் தின்றது என்று பார்த்து இலக்கை மாற்று என்றார்கள். அழகான யோசனை. பத்து விக்கெட்டோடு ஐந்து ஓவரை இழப்பதும், இரண்டு விக்கெட்டோடு ஐந்து ஓவரை இழப்பதும் ஒன்றல்ல என்று அது எண்ணால் சொன்னது.

சரி, கிங்ஸ்மீடுக்கு வருவோம். 45-ஆவது ஓவர், பந்து வீசுவது முத்தையா முரளிதரன். அரங்கில் என்னைச் சுற்றி இருந்த தமிழர்களுக்கு அது ஒரு தர்மசங்கடம். நாடு பச்சை–மஞ்சள், ஆனால் முரளி நம்ம ஆள்! அந்த ஓவர் முடியும்போது 229 இருக்க வேண்டும் என்று மட்டை பிடித்திருந்த எங்கள் மார்க் பவுச்சருக்குச் செய்தி போயிருந்தது. ஐந்தாவது பந்தைத் தூக்கி சிக்சர் அடித்தார். 229. கையை உயர்த்தினார், நாங்களும் எழுந்து குதித்தோம். கடைசிப் பந்தைப் பத்திரமாகத் தட்டி வைத்தார். விக்கெட் போகக் கூடாதல்லவா? அதோடு மழை கொட்டியது, ஆட்டம் முடிந்தது.

காகிதத்தில் இருந்த 229, சமமாக வருவதற்கான எண். ஜெயிக்க 230 வேண்டும். ஒரே ஒரு ரன்! ஓடியிருந்தால் கிடைத்திருக்கும். ஆட்டம் டை, சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து வெளியே. நான்கு வருடம் முன்னால், 1999 அரையிறுதியில், ஆஸ்திரேலியாவும் நாங்களும் 213–213 என்று நின்று அப்போதும் நாங்கள்தான் வெளியேறினோம். சமக்குறி எங்கள் அணிக்கு ராசியே இல்லை.

மாமா மருந்துக்கடை வைத்திருந்தவர். மழையில் நனைந்துகொண்டே காரை நோக்கி நடக்கும்போது சொன்னார்: "டேய், 'குறைந்தது இவ்வளவு', 'இதுக்கு மேல இவ்வளவு', இந்த ரெண்டையும் என் கடையில குழப்பினா ஆள் செத்துருவான்டா." நான் இப்போது மென்பொருள் எழுதுகிறேன். பெரிது என்ற குறிக்குப் பக்கத்தில் சமக்குறி வர வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு முறையும் பவுச்சர் அந்தக் கடைசிப் பந்தைத் தட்டுவது கண்முன் வருகிறது.

ஓவர்போர்ட்டிலிருந்து:

சின்னதாக ஒன்று. பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் எங்கள் ஊர்ச் சாப்பாடு, வாங்கும் எல்லாருக்கும் இந்த வடிவியல் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ரொட்டியை நான்காக வெட்டினால் நான்கு குவார்ட்டர். அதில் முனைத்துண்டு இரண்டே இரண்டு. முனைத்துண்டுக்கு அடியில் கெட்டியான தோல் இருக்கும், குழம்பு நிற்கும். நடுத்துண்டுக்கு மேலும் கீழும் வெறும் பஞ்சுதான், ஆட்டுக்கறிக் குழம்பு சட்டையில்தான் போய்ச் சேரும். இரண்டு பேர் போனால் ஆளுக்கொரு குவார்ட்டர் கேட்காமல் ஒரு ஹாஃப் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ரொட்டியை எங்கே பாதியாக வெட்டினாலும் ஹாஃபுக்கு ஒரு முனை நிச்சயம். என் மனைவி இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சட்டை கறையாவதில்லை.

டோங்காட்டிலிருந்து:

துனீ சீட்டாட்டம் ஆடாத டர்பன் தமிழன் உண்டா? தெரியாதவர்களுக்காக: 24 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304, கடைசிப் பிடிக்கு 10 சேர்த்தால் 314. துருப்பு சொல்லாத ஜோடிக்கு வழக்கமாக 105 வந்தால் ஜெயம். 314-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள், 104.67 வரும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் முதல் முழு எண்தான் 105. யார் வைத்தார்களோ, தலை நல்ல தலை.

என் பெரியம்மா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நான்கு பிடி முடிந்ததும் கடைசி இரண்டு சீட்டை மேசைமேல் மல்லாக்கப் போட்டுவிடுவார். "உன்கிட்ட இது இது, அவன்கிட்ட இது இது, போடு" என்பார். 16 சீட்டு வெளியே வந்தாயிற்று, இரண்டு அவர் கையில், தெரியாதது ஆறுதான். யார் எந்த இனம் இல்லாமல் வெட்டினார்கள் என்பதும் மனதில் இருக்கிறது. எங்களுக்கு அது மந்திரம் மாதிரி இருக்கும்.

அவரிடம் நான் கேட்டது இது. முதலில் நான்கு சீட்டுதான் வருகிறது, அதைப் பார்த்துத் துருப்பு கேட்க வேண்டும். என்னிடம் ஒரே இனத்தில் ஒன்பதும் ஆஸும் இருக்கிறது, ஜாக்கி இல்லை. கேட்கலாமா? நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். தெரியாத சீட்டு 20. எனக்கு இன்னும் இரண்டு வரும், ஜாக்கி அதில் இருக்க பத்தில் ஒரு பங்கு. ஜோடியிடம் ஆறு, பத்தில் மூன்று பங்கு. எதிராளிகளிடம் பன்னிரண்டு, பத்தில் ஆறு பங்கு. ஆக நம் பக்கம் நான்கு, அவர்கள் பக்கம் ஆறு. பெரியம்மா காகிதத்தைத் தள்ளிவிட்டு, "எல்லாம் சரி, பக்கத்துல இருக்கவன் மூஞ்சியப் பாத்தியா?" என்றார்.

சாட்ஸ்வொர்த், கணக்கு ஆசிரியை:

தம்பி, உன் பெரியம்மாவைக் கும்பிட்டுக்கொள். அவர் சொன்னதற்கும் கணக்கில் இடம் உண்டு, தாமஸ் பேயஸ் என்ற பாதிரியார் எழுதி, அவர் இறந்த பிறகு 1763-இல் அச்சான கட்டுரையிலிருந்து வருவது. எதிராளி வாய் திறக்காதவரை உன் பத்தில் ஆறு சரி. அவன் உனக்கு முன்னாலேயே பெரிதாகக் கேட்டுவிட்டான் என்றால், கையில் ஜாக்கி இருப்பவன்தான் அப்படிக் கேட்கத் துணிவான், அதனால் ஆறு ஏழாகும், எட்டாகும். அவன் தயங்கிப் பாஸ் சொன்னால் உன் பக்கம் கூடும். புதுத் தகவல் வந்தால் பழைய வாய்ப்பை மாற்று, அவ்வளவுதான் பேயஸ். சீட்டைப் பார்ப்பதோடு ஆளையும் பார்ப்பவருக்கு அது தானாக வரும்.

ஐசிபிங்கோவிலிருந்து:

மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது என் பையனுக்குக் கூட்டுத்தொடர் புரிந்தது. மின்வெட்டின் முதல் கட்டம் என்றால் நான்கு நாளில் மூன்று முறை, தடவைக்கு இரண்டு மணி நேரம். இரண்டாம் கட்டம் ஆறு, மூன்றாம் கட்டம் ஒன்பது, நான்காம் கட்டம் பன்னிரண்டு முறை. பன்னிரண்டு தடவை இரண்டு மணி என்றால் 24. நான்கு நாளுக்கு 96 மணி. "அப்பா, கால் பங்கு வாழ்க்கை இருட்டுல" என்றான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். ஓவர்போர்ட் அண்ணனின் குவார்ட்டர் எங்களுக்கும் கிடைத்தது, குழம்பு இல்லாமல்.

ஸ்டேங்கரிலிருந்து:

பிள்ளைகளே, எல்லாம் படித்தேன், சிரித்தேன். வயதில் மூத்தவன், ஒன்று சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு 342 பேரோடு வந்தது. அதிலும் அதற்குப் பின்னால் வந்த கப்பல்களிலும் வந்தவர்கள்தான் நம் முன்னோர். ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 10, 11, 12, 13, 14. ஐசிபிங்கோ தம்பி சொன்ன கூட்டுத்தொடரேதான். பெண்களுக்குப் பாதி.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே பிழைக்க நினைத்தவர்கள் மீது நேட்டால் அரசு 1895-இல் தலைக்கு வருடம் மூன்று பவுண்டு வரி போட்டது. பின்னால் பதினாறு வயது பையனுக்கும் பதின்மூன்று வயது பெண்ணுக்கும் அது நீண்டது. என் பேரன் பள்ளியில் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, "மூணு பவுண்டுதானே தாத்தா, அதுக்கா 1913-ல அவ்வளவு பெரிய வேலைநிறுத்தம்?" என்று கேட்டான். புத்தகத்தில் விடை இருந்தும் அவனுக்கு உறைக்கவில்லை. அதனால் பென்சில் எடுக்கச் சொன்னேன்.

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு. வரி 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். தகப்பனுக்கு மாதம் 14 ஷில்லிங் என்றே வைத்துக்கொள், வருடத்துக்கு 168. அவன் எழுதினான், அழித்தான், திரும்ப எழுதினான். "தாத்தா, வரி சம்பளத்தைவிட அதிகமா இருக்கே!" என்றான். ஆமாம் என்றேன். ஒரு மணி அரிசி வாங்காமல் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 72 ஷில்லிங் கடன்.

1914-இல் அந்த வரி எடுக்கப்பட்டது. அதற்காகச் சிறைக்குப் போனவர்களில் நம் கரும்புத் தோட்டத்து ஆட்களும் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்களும் ஏராளம்.

பேரன் அதோடு நிறுத்தவில்லை, தானாகவே இன்னொன்று போட்டான். ஐந்து வருட ஒப்பந்தக் கூலி முழுவதையும் கூட்டினான்: 10, 11, 12, 13, 14 சேர்ந்து 60, பன்னிரண்டு மாதத்துக்கு 720 ஷில்லிங், 36 பவுண்டு. ஐந்து வருடம் கரும்பு வெட்டிய மொத்தக் கூலி. பிறகு 36-ஐப் பன்னிரண்டால் வகுத்தான். நான்கு பேர் குடும்பத்துக்கு அது மூன்று வருட வரி.