ஏழாம் நம்பர் ஏபியைத் தேடிய கதை

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். மூன்று மாடி, 14 ஏபி (வைஃபை கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட் பெட்டி), எல்லாம் அவற்றை மேய்க்கிற ஒரே கன்ட்ரோலரில். ஆடி அமாவாசைக்கு முதல் நாள், ரூம் எல்லாம் ஃபுல், ஏழாம் நம்பர் மட்டும் ஆஃப்லைன் என்று சிவப்பாக நிற்கிறது. ரீஸ்டார்ட் கொடுக்கலாம் என்றால், கன்ட்ரோலரோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஏபிக்கு எப்படிக் கட்டளை போகும்? அதைவிடக் கொடுமை, ஏழு எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் பார்த்தவர் நம்பர் போட்டாரே தவிர இடத்தை எழுதி வைக்கவில்லை.

சரி என்று, ஏபி கேபிளெல்லாம் வந்து சேர்கிற நெட்வொர்க் சுவிட்சுக்குள் போனேன். கன்ட்ரோலர் 'காணோம்' என்று மட்டும்தான் சொல்லும், ஏன் காணோம் என்பதை அதன் கேபிள் செருகிய போர்ட்டில்தான் தேட வேண்டும். லிங்க் இருக்கிறது, பிஓஇ கரண்ட் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிற மின்சாரம்) இழுக்கிறது, மேக் அட்ரஸும் (கருவியின் அடையாள எண்) தெரிகிறது என்றால் ஏபி உயிரோடுதான் இருக்கிறது, ஐபியையோ (நெட்வொர்க் முகவரி) விலானையோ (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) பாருங்கள். கரண்ட் இழுத்தும் மேக் வரவில்லையா, பெரும்பாலும் ஹேங் ஆகியிருக்கும். அந்தப் போர்ட்டின் பவரை அணைத்துப் போட்டால் எழுந்துவிடும்.

எனக்கு வாய்த்ததில் லிங்கும் இல்லை, கரண்டும் இல்லை. சுவிட்சின் லாக்கை (பதிவேட்டை) புரட்டினால் 11ஆம் போர்ட் நாலு நாளாகவே 1000 மெகாபிட் வேகத்துக்கும் 100க்கும் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்கு, அதாவது அந்த 1000க்கு, கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும், ஆக அப்போதே ஒரு ஜோடி போக ஆரம்பித்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று நேராக அடிக்கிற மூலையில் ஏழு. ஜாக்கைக் கழற்றினேன், அதன் உலோகப் பின்னெல்லாம் பழைய பித்தளைச் செம்பு மாதிரி பச்சைக் களிம்பு, விரலில் உப்பு நறநறத்தது. புதுத் தலை போட்டால் போதும் என்று பார்த்தால் உள்ளே செம்புக் கம்பியும் கறுத்திருந்தது, ஒரு சாண் வெட்டி எறிந்த பிறகுதான் பளபளப்பான கம்பி வந்தது.

*

அண்ணே, நான் தொண்டிப் பக்கம் ஒரு காலேஜில் இருக்கிறேன், எங்களுக்கு நேர் எதிர். ஒரே நிமிஷத்தில் எல்லா ஏபியும் சிவப்பு. பதறி ஓடினால் பிள்ளைகள் வைஃபையில் ஜாலியாக வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! கரண்ட் போய் வந்ததில் கன்ட்ரோலர் கம்ப்யூட்டருக்கு வேறு ஐபி கிடைத்திருக்கிறது, ஏபி எல்லாம் பழைய முகவரியையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அன்றைக்கே ஐபியை ஃபிக்ஸ் பண்ணிவிட்டேன்.

*

கீழக்கரையிலிருந்து நான். ஏபிக்கு நிமிஷத்துக்கு ஒரு பிங் ('இருக்கிறாயா' என்ற சோதனைச் செய்தி), மூன்று தடவை பதில் இல்லையென்றால் டெலிகிராமில் செய்தி வருகிற மாதிரி வைத்திருந்தேன். ஒரு ராத்திரி மொத்த கட்டடமும் படுத்துவிட்டது, எனக்குச் செய்தியே வரவில்லை, நிம்மதியாகத் தூங்கினேன். வருமா என்ன, அலர்ட் அனுப்புகிற பெட்டியும் அதே யூபிஎஸ், அதே லைன். இப்போது அந்தப் பெட்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என் வீட்டு மெஷினுக்கு 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வீட்டிலிருந்து அலாரம்.

*

வீட்டில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் தம்பி?

*

அம்மா போன் பண்ணிவிடுவார்கள் அண்ணே.