உழுந்தா, உளுந்தா: உணவின் பெயரைச் சொல்லித் திருத்தப்பட்டவர்கள் எழுதுங்கள்

யாழ்ப்பாணத்துப் பெண்:
சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அலுவலகச் சிற்றுண்டிக் கூடத்தில் இரண்டு உழுந்து வடை கேட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த அலுவலர் என் தட்டின் விளிம்பில் விரலை வைத்து நிறுத்தி, "அது உளுந்தும்மா. ழு இல்லை, ளு. எங்கே, சொல்லுங்க" என்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருக்க, நான் மூன்று முறை சொல்லிக் காட்டிய பிறகே விரலை எடுத்தார். எங்கள் வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் உழுந்து என்றுதான் சொல்வார்கள். பத்து ஆண்டுகள் கழிந்தும், வடை வாங்கும்போது நான் பெயரைச் சொல்வதில்லை. "இதில் இரண்டு" என்று கைகாட்டுகிறேன்.

மதுரைக்காரர்:
கல்லூரி விடுதியில் நான் "வாளப்பளம்" என்று கேட்டதற்கு, பரிமாறிய மாணவர் பழத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ழகரம் வந்தால்தான் தருவேன் என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். எழுத்தில் நான் பிழை செய்ததில்லை. ஆயினும் சகோதரி, அந்த அலுவலர் சொன்ன முறைதான் தவறு, சொன்ன சொல் சரிதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மதுரைத் தம்பி கூறுவதை ஏற்க இயலாது. திருமணத்தைப் பாடும் அகநானூற்று 86ஆம் பாடல் "உழுந்து தலைப்பெய்த கொழுங்களி மிதவை" என்றே தொடங்குகிறது. மலையாளத்திலும் அந்தப் பருப்புக்கு ழகரம்தான். பழைய வடிவத்தைக் காத்து வைத்திருப்பவரையே நாம் திருத்தியிருக்கிறோம். ஒருவரைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால், பிழையைச் சுட்டாமல், நம் பதிலில் அந்தச் சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னால் போதும்; விரும்பினால் அவர் எடுத்துக்கொள்வார். பசியோடு வரிசையில் நிற்பவரிடம் இலக்கணம் பேசவே கூடாது. பிள்ளைகளானால் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு.

இதை நான் தாமதமாகவே கற்றேன். காய்கறி விற்கும் அம்மா ஒருவர் "கருவேப்பிலை வைக்கட்டுமா?" என்று கேட்டபோது, கறியில் இடுவதால் அது கறிவேப்பிலை என்று விளக்கினேன். அவர் கொத்தைப் பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து "இந்த இலை வேணுமா, சார்?" என்றுதான் கேட்கிறார்.

யாழ்ப்பாணத்துப் பெண்:
ஐயா, அடுத்த முறை அவர் கேட்பதற்கு முன்பே, "கருவேப்பிலை கொஞ்சம் வையுங்கள் அம்மா" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.