டிஜே பழக பழைய சிடி டெக்: சிடிஜே-1000 மார்க் 3-ஆ, 850-ஆ?

அலமாரிப்பாட்டு கேட்டது:
வணக்கம். லேப்டாப்பும் சின்ன கன்ட்ரோலரும் வெச்சுதான் இதுவரைக்கும் ஓட்டிட்டிருக்கேன். திரையில பாட்டோட அலையைப் பாத்துப் பாத்தே பீட் சேக்குறது (ரெண்டு பாட்டோட தாளத்தையும் ஒண்ணா விழ வைக்கிறது) அலுத்துப்போச்சு, காதால சேக்கப் பழகணும். ஒரிஜினல் சிடியும் நான் ரைட் பண்ணி வெச்ச சிடியுமா அலமாரி நிறைய இருக்கு. பழசா ரெண்டு ஜோடி விலைக்கு வருது: பயோனியர் சிடிஜே-1000 மார்க் 3, இன்னொண்ணு சிடிஜே-850. 1000-ல எஸ்டி கார்டு சொருகுற இடம் இருக்கே, சிடி போரடிச்சா கார்டுல பாட்டு போட்டுக்கலாம்னு அது பக்கம் சாயுறேன். சரிதானா?

பிட்ச்பாண்டி:
கார்டை நம்பி வாங்கிடாதீங்க நண்பா. அந்தக் கார்டு க்யூ (பாட்டைத் தொடங்கக் குறிச்ச இடம்), லூப் (திரும்பத் திரும்ப ஓடுற துண்டு) இடங்களை ஞாபகம் வெச்சுக்க மட்டும்தான். பாட்டு அதுல இருந்து ஓடாது. 1000 மார்க் 3 வந்தது 2006-ல. சிடியில எம்பி3 போட்டுக் குடுத்தா படிக்கும், யுஎஸ்பி கிடையாது. 850-ல சிடியும் ஓடும், பென்டிரைவும் ஓடும். பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணுங்க. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் ரெண்டையும் அது கண்டுக்காது.

இரவுச்சுழல்:
இந்தக் காலத்துல சிடி எதுக்குங்க? பயோனியரே 2020-ல வந்த சிடிஜே-3000-ல சிடி வாயை மூடிட்டாங்க. இருக்கறதை எல்லாம் ரிப் பண்ணிட்டு சிடி இல்லாத டெக்கா வாங்கிட்டுப் போங்க.

பிட்ச்பாண்டி:
@இரவுச்சுழல் அவர் கேட்டது காதால பழக. மறுபடி பெரிய திரை ஒண்ணைக் கையில குடுத்தா கண்ணு அங்கேதான் போகும். 2016-ல வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ் 2 வரைக்கும் சிடி இருந்துச்சு, ஆனா பழகறதுக்கு அவ்வளவு பெரிய டெக் வேணாம்.

கிக்கும்ஸ்னேரும்:
எதை வாங்கினாலும் ரெண்டும் ஒரே மாடலா இருக்கட்டும். இதுல மட்டும் சமரசம் வேணாம். ஜாக் வீலை (மேல இருக்கிற வட்டச் சக்கரம்) தட்டினா எவ்வளவு நகரும், க்யூ பட்டன் எவ்வளவு ஆழத்துல பிடிக்கும்னு கை பழகுறது ஒரு டெக்குக்கு ஒரு மாதிரி. இடது கைக்கு ஒண்ணு, வலது கைக்கு வேறன்னா காதுக்கு வரவேண்டிய பாடம் கையோட தகராறுலயே போயிடும்.

அடுத்து பாக்கவேண்டியது பிட்ச் ஃபேடரோட (பாட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்க இழுக்கிற பிடி) படி. எளிமையான பழைய டெக்குகள்ல ஒரு படி 0.1 சதவீதம். சரியான வேகம் ரெண்டு படிக்கு நடுவுல விழுந்தா 0.05 சதவீதம் தப்பும். ஒரு நிமிஷத்துல 30 மில்லிசெகண்ட் விலகல். ரெண்டு பாட்டோட கிக்கும் (பெரிய ட்ரம் அடி) ஒண்ணா விழாம "தட-தட"ன்னு பிரிஞ்சு கேக்கும், நம்ம காதுதான் சரியில்லையோன்னு சந்தேகம் வந்துடும். நீங்க சொன்ன ரெண்டு மாடல்லயும் ±6 சதவீத வரம்புல ஒரு படி 0.02. அதனால நிமிஷத்துக்கு 6 மில்லிசெகண்டுக்கு மேல போகாது. வரம்பை எப்பவும் ±6-லயே வைங்க. 125 பிபிஎம் (நிமிஷத்துக்கு 125 தாளத் தட்டு) பாட்டுன்னா 117.5-ல இருந்து 132.5 வரைக்கும் போகலாம், பழக அது தாராளம். வைட்ங்கற பெரிய வரம்புல வெச்சா படி 0.5 ஆயிடும், அதுல பீட் சேக்க நினைக்கவே வேணாம்.

1000-க்கு உள்ள பலம் ஹாட் க்யூவும் (குறிச்சு வெச்ச இடத்துக்கு ஒரே தட்டுல தாவுறது), ஜாக் வீலோட இறுக்கத்தை மாத்துற வசதியும். 850-ல ஹாட் க்யூ பட்டன் இல்ல. ஆரம்பத்துக்கு அது குறையே இல்லைங்கறது என் அபிப்பிராயம்.

அலமாரிப்பாட்டு:
ரொம்ப நன்றி. ஒரு ஜோடியைப் போய்ப் பாத்தேன். ஒரிஜினல் சிடி அழகா ஓடுது. நான் ரைட் பண்ணது சிலது கடைசிப் பாட்டுகள்ல குதிக்குது. லென்ஸ் போச்சா? வேணாம்னு சொல்லிடவா?

கிக்கும்ஸ்னேரும்:
அவசரப்படாதீங்க. குதிக்கிற அதே சிடியை அடுத்த டெக்ல போடுங்க. ஒரு டெக்ல மட்டும் குதிச்சா டெக்கைச் சந்தேகப்படணும். ரெண்டுலயும் குதிச்சா சிடிதான். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும், கடைசிப் பாட்டு விளிம்புல இருக்கும். தட்டு கொஞ்சம் ஆடினாலும் முதல்ல அடிபடுறது அந்த இடம்தான். ரைட் பண்ணினது சிடி-ஆர்டபிள்யூவா? அதுன்னா ஒளியைத் திருப்பி அனுப்புறதே ரொம்பக் கம்மி, பழைய லென்ஸ் திணறும்.

அலமாரிப்பாட்டு:
ரெண்டு டெக்லயும் அதே இடத்துல குதிக்குது! எல்லாம் சாதா சிடி-ஆர்தான். குதிக்கிறது எல்லாத்துலயும் மேல பேப்பர் லேபிள் ஒட்டியிருக்கு. மார்க்கர்ல பேர் எழுதினது எதுவும் குதிக்கல.

பிட்ச்பாண்டி:
அப்போ லேபிள்தான். ஒரு பக்கமா எடை ஏறி தட்டு ஆடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ரெண்டு மாடலும் சிடியை வாய்க்குள்ள இழுக்கிற வகை. லேபிள் ஓரம் பிரிஞ்சா உள்ளேயே ஒட்டிக்கிட்டு வெளிய வராது. லேபிளைப் பிய்க்கவும் கூடாது, பாட்டு பதிஞ்ச படலமும் சேர்ந்து வந்துடும். கம்ப்யூட்டர்ல பிரதி எடுத்து, குறைஞ்ச வேகத்துல புதுசா ரைட் பண்ணி, ஃபைனலைஸ் (ரைட் பண்ணதை முடிச்சு மூடுறது) பண்ணிடுங்க. எட்டு சென்டிமீட்டர் குட்டி சிடியையும் உள்ள விடாதீங்க.

கிக்கும்ஸ்னேரும்:
காசு குடுக்கறதுக்கு முன்னால இன்னும் கொஞ்சம் பாத்துடுங்க. ஃபேடரை மெதுவா மேலிருந்து கீழ இழுங்க, திரையில எண் தாவக்கூடாது. க்யூ, ப்ளே பட்டன்களை லேசா தட்டிப் பாருங்க. ஓங்கி அமுக்கினாதான் கேக்குதுன்னா உள்ள இருக்கிற சின்ன சுவிட்சை மாத்தணும், பயப்படுற வேலை இல்ல. ஒரு பக்க ஸ்பீக்கர்ல சத்தம் வரலைன்னா முதல்ல ஆர்சிஏ வயரை இடம் மாத்திப் போடுங்க. கடைசியா ஒரே பாட்டு ரெண்டு சிடி எடுத்து, ரெண்டு டெக்லயும் +3.00 வெச்சு ஒண்ணா ஓட விட்டு ஹெட்போன்ல கேளுங்க. சில நிமிஷம் ஒட்டியே போகணும்.

அலமாரிப்பாட்டு:
850-யே எடுக்கறேன். மாஸ்டர் டெம்போ போட்டுப் பழகலாமா?

கிக்கும்ஸ்னேரும்:
முதல்ல அணைச்சே வைங்க. வேகம் மாறினாலும் அது சுருதியை மாறாம பிடிச்சு வெச்சுடும். அணைச்சிருந்தா வேகம் கூடும்போது சுருதியும் ஏறும், எந்தப் பக்கம் இழுக்கணும்னு காது சீக்கிரம் பிடிச்சுக்கும். டெக்கைத் தூக்கிட்டு வரும்போது உள்ள சிடி இல்லைன்னு பாத்துக்கோங்க.