புதுப்பிப்பு: பௌலோனியா கிட்டாரில் நெக் சாய்வது நின்றுவிட்டது

உதிரி பாகங்களை வாங்கி நானே சேர்த்த, லேசான பௌலோனியா மரத்தில் உடல் கொண்ட கிட்டார் 2.6 கிலோதான், ஆனால் தோளில் மாட்டிக் கையை எடுத்தால் நெக் (விரலால் கம்பியை அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதி) தரையை நோக்கிச் சாய்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. முதலில் அகலமான தோல் ஸ்ட்ராப் போட்டுப் பார்த்தேன், சாய்வது மெதுவானதே தவிர நிற்கவில்லை. தீர்த்து வைத்தது ட்யூனரை (நெக்கின் நுனியில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகை) மாற்றச் சொன்ன யோசனைதான்: கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் கனமான லாக்கிங் ட்யூனர் ஆறையும் கழற்றிவிட்டு, பல்சக்கரம் வெளியே தெரியும் லேசான வகையை மாட்டினேன், சுமார் 110 கிராம் குறைந்தது, அதுவும் நெம்புகோல் போல நீளும் நெக்கின் நுனியில் குறைவதால் இப்போது கிட்டார் சொன்னபடி நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று. பௌலோனியா ரொம்ப மென்மையான மரம், ஸ்ட்ராப் பட்டனின் (ஸ்ட்ராப்பை மாட்டும் குமிழின்) திருகு பிடிப்பில்லாமல் கையோடு வந்துவிட்டது. துளையைப் பெரிதாக்கி, கடின மரக் குச்சியைப் பசை தடவி இறக்கி, ஒரு இரவு காயவிட்டு, அப்புறம் சின்னத் துளை போட்டுத் திருகினேன். இப்போது அசையவே இல்லை.