பிரெயில்: எழுத வைப்பதா, படிக்க வைப்பதா, எது முதலில்?

மலர்: என் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. விரலால் தொட்டுப் படிக்கிற புள்ளி எழுத்தான பிரெயிலுக்கு சிலேட்டும், புள்ளி குத்துகிற ஸ்டைலஸும் வாங்கி எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். புள்ளிகளை நகத்தால் சுரண்டுகிறாள், வரி தவறிப் போகிறாள், இ-யையும் ஏ-யையும் குழப்பிக்கொள்கிறாள். சற்று நேரத்தில் அழுகைதான். "போனே எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுதே, எதுக்கு இந்தப் பாடு?" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

டீச்சரம்மா: மலர், ஸ்டைலஸை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். பிரெயில் கட்டத்தில் ஆறு புள்ளிக்கு இடம் உண்டு: படிக்கும்போது இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. தமிழ் பிரெயிலில் இ என்பது புள்ளி 2, 4. ஏ என்பது 1, 5. ஒன்றை இடவலம் மாற்றினால் மற்றது. எழுத்தே விரலுக்குப் பழகாத பிள்ளை குழம்பாமல் என்ன செய்வாள்? பெர்கின்ஸ் பிரெயிலர் (தட்டச்சு இயந்திரம் மாதிரி விசை அழுத்திப் பிரெயில் அடிக்கிற கருவி) கிடைத்தால் எழுதுவதை அதில் தொடங்குங்கள். புள்ளி மேல்பக்கமே எழும்பும், அடித்த கையோடு தொட்டுப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் விரல் தயாராக வேண்டும். ஒரு வரி முழுக்க ல (1, 2, 3) அடித்து, நடுவில் ஒரே ஒரு அ (புள்ளி 1) வையுங்கள். எது வேறு மாதிரி இருக்கிறது என்று அவள் தேடட்டும். பெயர் சொல்ல வேண்டாம். இரண்டு ஆள்காட்டி விரல்களும் பக்கத்தில் பக்கத்தில், நகம் படாமல், விரல் நுனிச் சதையால் லேசாக நகர வேண்டும். அழுத்தினால் நன்றாகத் தெரியும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது நேர்மாறு. நிற்கிற விரலுக்குப் புள்ளி மங்கும், நகர்கிற விரலுக்குத்தான் தெளியும். சுரண்டுகிற கையைத் தட்டிவிடாதீர்கள். உங்கள் விரல்மேல் அவள் விரலை வைத்து, நீங்கள் எவ்வளவு மெதுவாகத் தொடுகிறீர்கள் என்று உணர வையுங்கள்.

செல்வம்: நான் பிரெயிலில் படித்து வளர்ந்தவன். போனும் தினமும் கேட்கிறேன், இரண்டும் வேண்டும். ஆனால் அரமும் அறமும் காதுக்கு ஒன்றுதான். எனக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வந்தது விரலால்தான். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

மலர்: நன்றி. டீச்சர், முதல் சொல்லாக எதைக் கொடுக்கலாம்? கொம்பு வைத்த எழுத்துகளை எப்படி விளக்குவது?

டீச்சரம்மா: அவள் பெயரையே கொடுங்கள். டப்பா, பை, அலமாரி எல்லாவற்றிலும் ஒட்டுங்கள், அவள் கை தானாகப் போகிற இடத்தில். கொம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். அச்சில்தான் அது முன்னால் நிற்கிறது. பிரெயிலில் கெ என்றால் முதலில் க, அப்புறம் எ. வாயில் வருகிற வரிசைதான், அவளுக்கு அதில் சிக்கலே வராது.